உயரமும் அச்சமும்: மலைபடுகடாம் காட்டும் மலைவழி

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் மலை பெரிதும் இயற்கை வருணனையாகவும் குறிஞ்சித் திணையின் முதற்பொருளாகவும் ஆராயப்பட்டுள்ளது. மலைமீது செல்லும் ஒடுங்கிய வழியில் நடப்பவர்க்கு உயரத்தால் நேரும் தளர்வும் அச்சமும் தனித்து நோக்கப்படவில்லை. தொல்காப்பியம் வகுக்கும் அச்சத்தின் நால்வகைக் களன்களுள் உயரம் வெளிப்படையாக இடம்பெறாமை இதற்கு ஒரு காரணமாகலாம். அகப்பாடல்கள் இவ்வச்சத்தை வழியில் நடக்கும் தலைவனிடம் வைக்காமல், வீட்டிலிருக்கும் தலைவியிடமும் தோழியிடமும் வைக்கின்றன. மலைபடுகடாமோ அதனை முன் சென்றவன் பின் செல்வோர்க்கு வழங்கும் அறிவுரையாக மாற்றுகிறது. கண்ணை அடக்கிச் செவியைத் திறக்கும் அப்பாட்டின் அமைப்பையும், அச்சம் அங்கே அறிவாகப் பகிரப்படும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், குறிஞ்சித்திணை, அச்சம், மெய்ப்பாடு, ஆற்றுப்படை, வழி ஏதம், சூர்

1. முன்னுரை

ஒருபுறம் செங்குத்தான பாறையும் மறுபுறம் ஆழ்ந்த பள்ளமுமாக நீளும் ஒற்றையடிப் பாதையில் நடப்பவர் பலர்க்கு முழங்கால் தளர்கிறது. கை பற்றுக்கோடு தேடுகிறது. கண் பள்ளத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. விலங்கோ பகைவரோ எதிரில் இல்லாதபோதும், நிற்கும் இடமே அச்சத்திற்குக் காரணமாகிவிடுகிறது. மலையை முதற்பொருளாகக் கொண்ட திணையொன்றை வகுத்து, அதனுள் நூற்றுக்கணக்கான பாடல்களைப் படைத்த ஓர் இலக்கிய மரபு இந்த உடல் அனுபவத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பது இயல்பாக எழவேண்டிய வினா.

இவ்வினாவிற்கு விடை தேட மிகுதியும் துணைசெய்வது பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்படும் மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்தை அவனிடம் ஆற்றுப்படுத்துவதாக அமைந்தமையால் கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறும். 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல் இப்பாட்டு மலைவளம், மலைவாழ்நர் உணவு, இசைக்கருவிகள், விருந்தோம்பல் ஆகியவற்றிற்கான தரவுக் களஞ்சியமாகப் பயன்பட்டு வருகிறது. அப்பயன்பாட்டில் பிழையில்லை. ஆயினும் பாட்டின் பெரும்பகுதி மலையை வருணிக்கும் கூற்றன்று. மலையில் எவ்வாறு நடக்கவேண்டும் என்று ஒருவன் மற்றவர்க்குச் சொல்லும் கூற்று. இவ்வேறுபாட்டை முதன்மையாகக் கொண்டு பாட்டை மீளப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அச்சத்தின் இலக்கணமும் விடுபட்ட களனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கூறி, அது நான்கு களன்களில் தோன்றும் என வரையறுக்கிறது. வருத்தும் தெய்வ ஆற்றலாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலானவராகிய இறை என்பன அவை. இந்நான்கும் அஞ்சுபவர்க்குப் புறத்தே நிற்பவை. உயிருடைய ஒன்றோ உயிருடையதாகக் கருதப்படும் ஒன்றோ எதிர்நின்று அச்சுறுத்தும்போது மெய்ப்பாடு பிறக்கிறது. இடம் தானே அச்சம் தரும் நிலைக்கு இவ்வகைப்பாட்டில் வெளிப்படையான இடமில்லை.

இலக்கணம் விட்டதை இலக்கியம் விட்டுவிடவில்லை என்பதற்குக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு சான்று. 261 அடிகளையுடைய அப்பாட்டில் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கிறாள். அதன் இறுதிப் பகுதியில், இரவில் வரும் தலைவனின் மலைவழியில் உள்ள ஏதங்கள் நீண்ட பட்டியலாக எண்ணப்படுகின்றன. புலி, ஆளி, கரடி, காட்டுப்பசு ஏறு, களிறு, பாம்பு, முதலையின் இனங்கள் ஆகியவை விலங்கு என்னும் களனுள் அடங்கும். சூரும் பேயும் அணங்கின்பாற் படும். உயிர்க்கொலை நிகழும் இடம் கள்வர் என்னும் களனோடு இயையும். ஆனால் அதே பட்டியலில் இடியும், வழுக்கும் இடமும், அடித்தடம் இருந்தும் மேலே செல்லவியலாமல் முட்டி நிற்கும் வழியும் சேர்த்து எண்ணப்படுகின்றன. இவை நால்வகைக் களன்களுள் எதனுள்ளும் எளிதில் அடங்கா. வழுக்குநிலம் யாரையும் தாக்குவதில்லை. முட்டுவழி யாரையும் துரத்துவதில்லை. அங்கே நிற்பவரின் அடியே அவர்க்குப் பகையாகிறது. கபிலர் இவற்றைப் புலிக்கும் களிற்றுக்கும் நிகராக ஒரே வரிசையில் வைத்தமை, நிலத்தின் அமைப்பே அச்சத்திற்குரியது என்னும் உணர்வு புலவரிடம் இருந்ததைக் காட்டுகிறது.

இங்குச் சூர் என்னும் சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. அச்சம் என்னும் பொருளும் அச்சம் தரும் தெய்வம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் மலையடுக்கத்தோடும் ஆழ்ந்த சுனையோடும் சேர்ந்தே வருகிறது. ஏறுதற்கரிய உயரமும் இறங்குதற்கரிய ஆழமும் தெய்வம் உறையும் இடங்களாகக் கொள்ளப்பட்டன. எனவே உயரம் பற்றிய அச்சம் மெய்ப்பாட்டு வகைப்பாட்டில் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. அணங்கு என்னும் களனுக்குள் தெய்வ வடிவில் ஒடுங்கியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. எனினும் இது ஒரு விளக்கமேயன்றி உரையாசிரியர் நேராகக் கூறியதன்று.

3. நடவாதவரின் அச்சம்

அகப்பாடல்களில் மலைவழியின் அச்சம் யாருடையது என்பது அடுத்த வினா. களவியல், பெருமையையும் உரனையும் ஆடவர்க்கு உரியனவாக்கி, அச்சத்தை நாணம், மடம் ஆகியவற்றோடு பெண்டிர்க்கு உரியதாக்குகிறது. இம்மரபின் விளைவாக, இரவுக்குறிக்கு மலையேறி வரும் தலைவன் தன் வழியைப் பற்றி அஞ்சியதாகக் கூறுதல் அகமரபிற்கு ஒவ்வாததாகிறது. வழியை நேரில் அறிந்தவன் பேசுவதில்லை. வழியில் கால்வைக்காத தலைவியும் தோழியும் அதனை அடி அடியாகக் கற்பனை செய்து அஞ்சுகின்றனர். அனுபவம் ஓரிடத்தும் அதன் மொழி வேறோரிடத்துமாகப் பிரிந்து நிற்கின்றன.

இப்பிரிவைக் கவிதையின் ஆற்றலாக மாற்றிய பாடல் கபிலரின் அகநானூறு 128. ஊர் அடங்கிய நள்ளிரவில் தலைவி தன் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறாள். தலைவன் வரும் வழி பாறைமேல் அமைந்த சிறுநெறி. யானையின் முதுகில் கயிறு உராய்ந்து உண்டான தழும்பு போன்றது அது. மழை பெய்து நீர் வழிந்துகொண்டிருக்க, கண்ணுக்குப் புலப்படாத குழிகள் நிறைந்த அவ்வழியில், இருளில் அவன் மிதிக்கும் இடத்தைப் பார்த்து, தளரும் அடியைத் தாங்குவதற்காகத் தன் நெஞ்சு சென்றுவிட்டது என்கிறாள். கயிற்றுத் தழும்பு என்னும் உவமை வழியின் ஒடுக்கத்தையும் அதன் இருபுறச் சரிவையும் ஒருங்கே உணர்த்துகிறது. யானையின் முதுகு உயர்ந்தது, வளைந்தது, இருபக்கமும் சரிவது. பாறை உச்சியில் செல்லும் பாதையின் அமைப்பும் அதுவே.

இப்பாடலில் தலைவனின் அடி தளர்கிறது என்பது கருதத்தக்கது. தலைவன் அஞ்சினான் என்று பாடல் சொல்லவில்லை. அவன் உடல் தடுமாறுகிறது என்று மட்டும் சொல்கிறது. தளர்வு அவனுக்கு, அதைத் தாங்கும் நெஞ்சு அவளுக்கு எனப் பகுத்ததன் மூலம், மரபை மீறாமலே நடப்பவனின் நிலையின்மை கூறப்பட்டுவிடுகிறது. அகமரபு நடப்பவனின் உயர அச்சத்தை நெருங்கிச் செல்லும் இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

கபிலரின் நற்றிணை 359 வேறொரு முறையைக் காட்டுகிறது. தலைவன் தந்த தழையாடையை என்செய்வது என்று தோழி தடுமாறுகிறாள். உடுத்தால் தாய்க்கு அஞ்சவேண்டும். திருப்பிக் கொடுத்தால் அவனுக்கு நேரும் துன்பத்திற்கு அஞ்சவேண்டும். இடையில் அத்தழை வாடிப்போகலாமா என்று கேட்கும் அவள், அது கொய்தற்கு அரியது என்பதை ஓர் அளவுகோலால் நிறுவுகிறாள். போரிடும் வருடையும் பாயத் துணியாத, சூருடைய மலையடுக்கத்தில் விளைந்த தழை அது. வருடை என்பது செங்குத்துப் பாறைகளில் வாழும் வரையாடு என்பர். பாறைவிளிம்பில் நிலைத்து நிற்பதற்கெனவே அமைந்த குளம்புடைய விலங்கு அது. அவ்விலங்கே தயங்கும் இடத்தில் தலைவன் ஏறினான் என்பது அவன் அன்பின் அளவாகிறது. தாயச்சம், தலைவன் துயர் பற்றிய அச்சம் என இரண்டு அச்சங்கள் பாடலில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. உயரத்தின் அச்சமோ விலங்கின் தயக்கமாகவும் சூர் என்னும் அடையாகவும் மட்டும் நிற்கிறது. ஏறியவனின் உள்ளம் இங்கும் பேசப்படவில்லை.

4. நடப்பவர்க்கு உரைக்கும் பாட்டு

மலைபடுகடாத்தில் இந்நிலை மாறுகிறது. பேசுபவன் அவ்வழியில் சென்று மீண்டவன். கேட்பவர் அவ்வழியில் செல்லப்போகிறவர். கேட்பவர் வீரர் அல்லர். இசைக்கருவிகளைச் சுமந்த கலைஞர், விறலியர், சிறுவர் ஆகியோர் அடங்கிய கூட்டம் அது. இவர்கள் அஞ்சலாகாது என்னும் மரபுக் கட்டாயம் ஏதும் இல்லை. ஆகவே பெருங்கௌசிகனார் வழியின் இடர்களைத் தயக்கமின்றி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்.

பன்றிகளுக்கு வைத்த கற்பொறிகள் இருத்தலின் இருள் நீங்கிய பின்னரே செல்லவேண்டும். பாம்புகள் குழிகளில் மறைந்திருக்கும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு தொழுது செல்லவேண்டும். யானையை ஓட்டக் குறவர் எறியும் கவண்கற்கள் மூங்கிலை மோதி வரும்போது மரத்தின் பின் ஒதுங்கவேண்டும். இவ்வளவும் புறத்திலிருந்து வரும் இடர்கள். பின்னர்ப் பாட்டு நிலத்தின் இடர்களுக்குத் திரும்புகிறது. ஆழ்ந்த கயத்தின் விளிம்பில், பருத்த கொடி சுற்றிய மரத்தைப் பற்றிக்கொண்டு, சிறுவர்களோடு ஒருவரையொருவர் காத்துச் செல்லவேண்டும். விழுந்தவரை மறைத்துவிடும் மடுவின் அருகே நுண்ணிய பாசி அடியின் நிலையைத் தளர்த்தும்; அங்கே வழிநெடுக வளர்ந்த மூங்கிலின் மெல்லிய கோலையும் நாணற்கோலையும் பிடித்துச் செல்லவேண்டும். பின்னோரிடத்தில் ஊன்றுகோலையே காலாகக் கொண்டு தளராமல் நடக்கவேண்டும். மற்றோரிடத்தில் கோத்த கையை விடாமல் மெல்லச் செல்லவேண்டும்.

பற்றுதற்குச் சொல்லப்படும் பொருள்கள் எத்தகையவை என்பது ஆராயத்தக்கது. மெல்லிய மூங்கிற்கோலும் நாணலும் ஒரு மனிதனின் முழு எடையைத் தாங்க வல்லன அல்ல. அவை வழியோரத்தில் தொடர்ந்து கைக்கு எட்டும்படி நிற்பவை. வழுக்கும் வழியில் வேண்டுவது விழும்போது தாங்கும் வலிய பற்றுக்கோடு மட்டுமன்று. விழாதிருக்க நிலையை உணர்த்தும் மெல்லிய தொடுகையும் வேண்டும். மலைவழியில் நடந்து பழகியவர் இவ்வேறுபாட்டை அறிவர். இத்தகைய நுண்மை, கேள்வியால் மட்டும் எழுதப்பட்ட பாட்டன்று இது எனக் கருத வைக்கிறது.

இவ்வறிவுரைகள் அனைத்திலும் அஞ்சாதீர் என்னும் தொடர் தலைமை பெறவில்லை. உரனைத் தூண்டும் பேச்சும் இல்லை. மாறாக, ஓம்புதல் என்னும் வினை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குக் காத்தல் என்றும் தவிர்த்தல் என்றும் இரு பொருள் உண்டு. சிறுவரைக் காத்துச் செல்க என்னுமிடத்தில் அது முதற்பொருளில் நிற்கிறது. தளர்தலைத் தவிர்க்க, நோக்குதலைத் தவிர்க்க, இசைக்கருவியைத் தொடுதலைத் தவிர்க்க என்னுமிடங்களில் இரண்டாம் பொருளில் நிற்கிறது. ஒன்றைத் தவிர்ப்பதும் ஒருவரைக் காப்பதும் ஒரே சொல்லால் உணர்த்தப்படும்போது, அச்சம் என்பது பின்வாங்குதல் ஆகாமல் பேணுதல் ஆகிறது. தளர்வு நேரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற செயலை வகுப்பதே பாட்டின் முறை. அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்னும் கருத்தைத் திருக்குறள் (428) அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தது. அவ்வாறு பிற்காலத்தில் அறமாக மொழியப்பட்டதன் நடைமுறை வடிவத்தை மலைபடுகடாத்தில் காணலாம்.

5. அடங்கும் கண்ணும் திறக்கும் செவியும்

உயரம் பற்றிய அச்சத்தோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி அடுத்து வருகிறது. மயில் ஆடித் தளர்ந்தாலும், கழைக்கூத்தாடும் சிறுவர் போல மூங்கிற் கொம்பில் ஆண்குரங்கு தாவினாலும், சூர் விரும்பி உறையும் நெடிய செங்குத்து மலையில் தேர்ச்சக்கரம் போலத் தேனடைகள் தொங்குவதைக் கண்டாலும், சட்டென்று அவற்றை நோக்கவேண்டா என்கிறான் ஆற்றுப்படுத்தும் கூத்தன். அவ்வாறு நோக்கினால் வரிசையாகச் செல்லும் அடிகள் வழி மாறிவிடும் என்பது அவன் கூறும் காரணம்.

இப்பகுதியை மலைவளம் கூறும் வருணனையாகப் படித்தால் மயிலும் குரங்கும் தேனடையும் அழகிய காட்சிகளாக மட்டும் எஞ்சும். பாட்டின் தொடரமைப்போ அவற்றை விலக்கப்படும் காட்சிகளாகவே தருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றும் கண்ணை வழியிலிருந்து எடுத்துச் செல்பவை. அவற்றுள் குரங்கு அசைந்துகொண்டிருப்பது. தேனடை மேலே, எட்டாத பாறைமுகத்தில் இருப்பது. தடை நோக்குதலுக்கு அன்று, திடீரென நோக்குதலுக்கே. நின்று, நிலைத்து, பிறகு பார்ப்பது தடுக்கப்படவில்லை. புலவர் இங்கு அழகை மறுக்கவில்லை. அழகுக்கும் அடிக்கும் இடையிலுள்ள ஆபத்தான உறவைச் சுட்டுகிறார்.

கண்ணுக்கு விதித்த இக்கட்டுப்பாட்டிற்குப் பின்னரே பாட்டின் புகழ்பெற்ற பகுதி, பாட்டுக்குப் பெயர்தந்த பகுதி, வருகிறது. மலையில் எழும் பல்வேறு ஓசைகள் அங்கே தொகுக்கப்படுகின்றன. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் ஓசையைக் கடாமாகவும் கொண்டதால் பாட்டு இப்பெயர் பெற்றது என்பது பழைய விளக்கம். இவ்வோசைத் தொகுதி எதற்காக அவ்விடத்தில் அமைந்தது என்பதற்கு, மேற்கண்ட தடை ஒரு விடை தருகிறது. ஒடுங்கிய வழியில் கண் அடியை விட்டு நீங்கலாகாது. செவிக்கு அத்தடை இல்லை. மலையை முழுமையாக நுகர்வதற்கு நடப்பவரிடம் எஞ்சிய வாயில் அதுவே. காட்சியால் பெறவியலாத மலையை ஒலியால் பெறுகின்றனர் கூத்தர். இசைவாணராகிய அவர்க்கு இது பொருத்தமும் ஆகும்.

ஒலி இன்பத்திற்கு மட்டும் உரியதன்று, பாதுகாப்பிற்கும் உரியது. குறவர்களே திகைக்கும் குன்றில் வழிதவறினால், அகன்ற பாறையில் ஒன்றுகூடித் தம் கருவிகளை முழக்கவேண்டும் எனவும், அதுகேட்டுக் கானவர் வந்து உதவுவர் எனவும் பாட்டு கூறுகிறது. மலையிற் பிறந்தவரும் அங்கே மருள்வர் என்று சொல்வதால், திகைத்தல் வேற்றூரார்க்கு இழுக்காகாமல் போகிறது. இதற்கு மாறாக, மலைத்தெய்வம் உறையும் இடத்தில் கருவிகளைத் தொடவேண்டா, தொட்டால் மழை பொழியும் என்னும் எச்சரிக்கையும் உண்டு. வழுக்கும் பாசியைப் பற்றிப் பேசிய உடனே மழையைத் தவிர்க்கச் சொல்வது தெய்வ நம்பிக்கையோடு வழியின் நிலையையும் இணைக்கிறது.

ஓசைத் தொகுதியின் நடுவே இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாத ஓர் ஓசை உள்ளது. பிடித்துக்கொள்ள மறந்த மந்தியொன்றின் குட்டி, இன்னும் தாவக் கல்லாதது, ஆழ்ந்த மலைப்பிளவில் வீழ்ந்துவிடுகிறது. தாய் தன் சுற்றத்தோடு கூடி அரற்றும் தீராத பூசல் மலையில் ஒலிக்கிறது. இவ்வளவு இடர்களை எண்ணும் பாட்டில் உயரத்திலிருந்து வீழ்ச்சி ஒன்று நிகழ்ந்ததாகக் கூறப்படுவது இங்கே. அது காணப்படவில்லை, கேட்கப்படுகிறது. வீழ்ந்தது மனிதக் குழந்தையன்று. ஆயினும் சிறுவரை உடன்கொண்டு செல்லும் கூட்டத்தின் செவியில் அது எவ்வாறு விழுந்திருக்கும் என்பதைப் பாட்டு சொல்லாமல் விட்டுவிடுகிறது. முன்னர்க் கயத்தின் விளிம்பில் சிறுவரைக் காத்துச் செல்லக் கூறிய அறிவுரைக்கும், பின்னர்க் கோத்த கையை விடாதிருக்கக் கூறும் அறிவுரைக்கும் இடையில் இப்பூசல் அமைந்திருக்கிறது. பிடி தவறினால் நேர்வது யாது என்பதற்குப் பாட்டு தரும் சான்று அதுவே.

அதனை அடுத்து வருவது வேறோர் ஓசை. குரங்கும் ஏறமாட்டாது கையற்ற நெடிய பாறையில், கண்ணேணியாகிய மால்பையே வழியாகக் கொண்டு ஏறித் தேன் கொள்ளையிட்டவரின் ஆரவாரம் அது. கூத்தர் சட்டென்று நோக்கவும் கூடாதெனத் தடுக்கப்பட்ட தேனடை, குறவர்க்கு வாழ்வு தரும் விளைவாகிறது. ஒரே உயரம் ஒருவர்க்குத் தடையாகவும் மற்றொருவர்க்குத் தொழிற்களமாகவும் இருக்கிறது. பயிற்சியும் கருவியும் உடையவர்க்கே அவ்வழி திறக்கிறது. அரற்றலையும் ஆரவாரத்தையும் அடுத்தடுத்து வைத்ததன் மூலம், உயரம் தருவதையும் எடுத்துக்கொள்வதையும் ஒருங்கே உணர்த்துகிறார் புலவர்.

6. வழிகாட்டலும் புகழ்ச்சியும்

இவ்வாசிப்பிற்கு ஒரு தடை எழுப்பலாம். ஆற்றுப்படை பாட்டுடைத் தலைவனைப் புகழ்வதற்கென எழுந்த இலக்கியம். மலைவழியின் அருமையைப் பெருக்கிக் கூறுவது நன்னன் நாட்டின் இயற்கை அரணைப் புகழ்வதற்கேயன்றி வழிப்போக்கர் அச்சத்தைப் பேசுவதற்கன்று என்பது அத்தடை. நவிரமலையும் சேயாறும் சூழ்ந்த நன்னன் நாட்டின் அரண்வலிமை பாட்டில் புகழப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆகவே இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும் அத்தொகுப்பிலேயே உள்ள பெரும்பாணாற்றுப்படையோடு ஒப்பிட்டால் நிலை தெளிவாகும். தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை, இடியும் தாக்காது, பாம்பும் கொல்லாது, காட்டு விலங்கும் துன்புறுத்தாது என்று அப்பாட்டு கூறுகிறது. அச்சத்தின் களன்களை ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டுவதே அங்குப் புகழ்ச்சியாகிறது. புரவலனின் செங்கோன்மையைப் பாட அவ்வழி ஒன்று இருக்கவும், பெருங்கௌசிகனார் அதனைக் கொள்ளவில்லை. நன்னனின் ஆட்சியால் பாசி வழுக்காது என்று அவர் சொல்லவில்லை. அரசன் ஆணை செல்லாத ஓர் எல்லை மலைவழியில் உண்டு என்பதை மறைக்காமல், அவ்வெல்லையில் செய்யவேண்டுவனவற்றைக் கூறுகிறார். அரணின் அருமையைப் புகழ்வதற்கு வழி கடிது என்று கூறினால் போதும். மூங்கிற்கோலைப் பிடிக்கவும் சட்டென்று நோக்காதிருக்கவும் சொல்லவேண்டுவதில்லை. புகழ்ச்சிக்குத் தேவையானதை விஞ்சி நிற்கும் இந்நுணுக்கங்களே வழிகாட்டலைத் தனித்த நோக்கமாக நிறுவுகின்றன.

7. ஒப்பீடும் அதன் எல்லையும்

உயரத்தில் நேரும் தடுமாற்றத்தை ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் தாமஸ் பிராண்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1980இல் விளக்கினர். நிற்கும்போது உடல் எப்போதும் சிறிது அசைகிறது. அருகிலுள்ள அசையாப் பொருள்களைக் கொண்டு கண் அவ்வசைவை உணர்ந்து திருத்துகிறது. உயரத்தில் காணப்படும் பொருள்கள் தொலைவில் இருப்பதால், அவ்வசைவைக் கண்ணால் உணர்வது கடினமாகிறது; கண் தரும் செய்தியும் உட்செவியும் கால்களும் தரும் செய்தியும் முரண்படுகின்றன. அண்மையிலுள்ள நிலைத்த பொருளைப் பார்த்தலும் எதையேனும் பற்றுதலும் அத்தடுமாற்றத்தைக் குறைக்கும். இது சிலர்க்கே உரிய குறையுமன்று. ஜெர்மனியில் நிகழ்த்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் உயரத்தைக் காண இயலாத நிலையை அடைந்ததாகத் தெரிவித்தனர்.

மலைபடுகடாத்தின் அறிவுரைகள் இவ்விளக்கத்தோடு ஒத்துச்செல்வது உண்மை. ஆயினும் இவ்வொப்புமையிலிருந்து சங்கப் புலவர் நரம்பியலை அறிந்திருந்தார் என்று முடிவுகட்டுவது ஆய்வு நெறியாகாது. பாட்டில் காரணவிளக்கம் இல்லை. செய்யத்தக்கதும் தவிரத்தக்கதும் மட்டுமே உள்ளன. கண் திசைமாறினால் அடி தவறும் என்பது நடந்து அறிந்த அறிவு. உடற்கூற்றால் ஏன் அவ்வாறு நேர்கிறது என்பது வேறு. முன்னதைப் பின்னதாகக் காட்டுவது பாட்டின் பெருமையைக் கூட்டாது. அதன் உண்மையான பெருமையாகிய அனுபவ நுட்பத்தை மறைக்கவே செய்யும்.

வேறுபாட்டைக் காட்டும் ஒப்பீடு கூடுதல் பயன் தரும். 1770இல் ஸ்டிராஸ்பர்க் நகருக்குச் சட்டம் பயிலச் சென்ற கதே, உயரத்தில் தமக்கு நேர்ந்த தலைச்சுற்றலை வெல்வதற்காக அந்நகர்ப் பேராலயக் கோபுரத்தின் உச்சியில் தனியே ஏறிப் பலமுறை நின்றதைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கே அச்சம் ஒரு தனிமனிதனின் குறை. அதனை அவன் தன் மனஉறுதியால் வென்றாக வேண்டும். மலைபடுகடாத்தில் அச்சம் வழியின் இயல்பு. அதனை வெல்லவேண்டியதில்லை, கடக்கவேண்டும். கடப்பதும் தனியே அன்று. கோத்த கையும், முன் சென்றவனின் சொல்லும், முழவின் ஒலிகேட்டு வரும் கானவரும் சேர்ந்தே அதனைக் கடக்கச் செய்கின்றனர். ஏறவேண்டிய தேவையும் வேறு. கதேவை ஏறச் செய்தது தன்னைத் திருத்திக்கொள்ளும் விருப்பம். கூத்தரை நடத்திச் செல்வது வறுமை. விருப்பத்திற்காக ஏறுபவர் திரும்பிவிடலாம். பரிசிலை நம்பிக் குடும்பத்தோடு புறப்பட்டவர்க்குத் திரும்புதல் எளிதன்று.

8. முடிவுரை

தொல்காப்பியம் வகுக்கும் அச்சத்தின் நால்வகைக் களன்களில் உயரம் வெளிப்படையாக இல்லை. குறிஞ்சிப்பாட்டின் ஏதப் பட்டியல் வழுக்குநிலத்தையும் முட்டுவழியையும் விலங்குகளோடு சேர்த்து எண்ணி அவ்வகைப்பாட்டைக் கடந்து செல்கிறது. அகமரபில் ஆடவர்க்குரிய இலக்கணம் நடப்பவனின் அச்சத்தைத் தடுப்பதால், அது தலைவியின் நெஞ்சிலும் விலங்கின் தயக்கத்திலும் இடம் தேடுகிறது. புறத்துறையைச் சார்ந்த மலைபடுகடாம், வீரரல்லாத கலைஞர் கூட்டத்தை நோக்கிப் பேசுவதால், அத்தடையின்றி வழியின் நிலையைச் சொல்கிறது. அங்கே அச்சம் சொல்லாக நில்லாமல் ஏவலாக, பற்றும் கோலாக, கோக்கும் கையாக, அடக்கும் கண்ணாக வெளிப்படுகிறது. ஓசைத் தொகுதியும் அக்கண்ணடக்கத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது.

மலைபடுகடாத்தை இயற்கை வருணனைக்கான தரவாக மட்டும் எடுத்தாளும்போது, அதன் ஏவல் வினைகள் உதிர்ந்து பெயர்ச்சொற்கள் மட்டும் எஞ்சுகின்றன. மயில், குரங்கு, தேனடை, பாசி, மூங்கில் என்று பட்டியலிடுகிறோம். அவற்றைக் குறித்து யார், யார்க்கு, எதற்காக எச்சரித்தார் என்பதை இழக்கிறோம். கூத்தன் பரிசில் பெற்றுத் தன்வழியே போயிருக்கலாம். எதிர்ப்பட்டவர்களை நிறுத்தி, தன் அடி எங்கே தளர்ந்தது என்பதை அவர்கள் அடி தளராதபடி சொல்லிச் சென்றான். ஆற்றுப்படை என்னும் வகையின் அறம், செல்வம் இருக்கும் திசையைக் காட்டுவதோடு முடியவில்லை. அங்குச் சென்றுசேரும் வழியில் விழாமல் காப்பதையும் அது தன் கடமையாகக் கொண்டது. பத்துப்பாட்டின் ஏனைய ஆற்றுப்படைகளிலும் அகப்பாடல்களின் வழியருமைக் கூற்றுகளிலும் ஏவல் வினைகளைத் தொகுத்து ஆராய்வது, சங்க காலப் பயணத்தைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் மேலும் தெளிவு தரும்.